நிறுத்தும்போது ஓடிக்கிட்டுதான் இருந்தது

உங்கள் வீட்டில் பழைய ஜெட் ஸ்கி ஏதாவது ஓடாமல் கிடக்கிறதா?

கிடக்காது. நம் பரணில் கிடப்பதெல்லாம் சத்தம் மட்டும் போடுகிற மிக்ஸி, ஒரு பக்கம் மட்டும் பாடுகிற டேப் ரெக்கார்டர், எப்போதோ நின்றுபோன சுவர்க்கடிகாரம். ஆனாலும் இந்த வாரம் ஜெட் ஸ்கியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதை ரிப்பேர் செய்வதா, தூக்கிப் போடுவதா என்று முடிவெடுக்க இரண்டு புகழ்பெற்ற புத்தகங்கள் எவ்வளவு தூரம் உதவும் என்பதைப் பற்றியும். கொஞ்சம் கூடவே வாருங்கள். கடைசியில் மிக்ஸிக்கும் உபயோகப்படும்.

விஷயம் இப்படி ஆரம்பித்தது. என் சித்தப்பா பையன் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிறான். அந்தப் பேரேரிகளை விட்டுவிட்டாலும் உள்ளூர் ஏரிகள் மட்டுமே பத்தாயிரத்துக்கு மேல் உள்ள பிரதேசம். ஏரிக்கரை வீடுகளின் ஷெட்டில், நம் வீட்டு வாசலில் சைக்கிள் நிற்கிற மாதிரி படகு நிற்கும். பக்கத்து வீட்டுக்காரர் வேறு ஊருக்குப் போகும்போது 1996 மாடல் ஜெட் ஸ்கி ஒன்றை, அதை ஏற்றி இழுத்துப் போகிற டிரெய்லரோடு சேர்த்து, இவன் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார். இலவசம்.

ஒரு நாள் ராத்திரி போன் வந்தது.

"அண்ணா, நீ பி.காம்தானே?"

"அதெல்லாம் எந்தக் காலத்துல. ஏன்?"

"என்ஜின் ஸ்டார்ட் ஆகலை. ரெண்டு கடையில கேட்டேன். இவ்ளோ பழசை நாங்க தொடறதில்லைன்னுட்டான். ஒருத்தன், திறந்து பார்க்கவே காசு கொடுன்றான். ரிப்பேர் பண்ணா லாபமா நஷ்டமா? நீ கணக்குப் போட்டுச் சொல்லு."

இதே கேள்வியை ரொம்ப வருஷத்துக்கு முன்னால் இன்னொருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். அப்போது பத்து நிமிஷத்தில் பதில் சொன்னேன். அந்தக் கதை பிறகு. இந்த முறை, "நாலு நாள் டைம் கொடுடா" என்றேன்.

*

முதலில் வண்டியைத் தெரிந்துகொள்வோம். 'ஜெட் ஸ்கி' என்பது உண்மையில் கவாஸாகியின் பிராண்ட் பெயர். ஜெராக்ஸ் மாதிரி ஊர்ப் பெயராகிவிட்டது. க்ளேட்டன் ஜேக்கப்ஸன் என்ற மோட்டார் சைக்கிள் பந்தயக்காரரின் யோசனை. 1968-ல் கனடாவின் பம்பார்டியர் 'சீ-டூ' என்ற பெயரில் முயன்று கைவிட்டது. 1973-ல் கவாஸாகி நின்றுகொண்டே ஓட்டும் வண்டியாகக் கொண்டுவந்தது. 1987-ல் யமஹா உட்கார்ந்து ஓட்டும்படி செய்தது. அதற்கப்புறம்தான் குடும்பஸ்தர்களும் வாங்க ஆரம்பித்தார்கள்.

வெளியே சுழலும் விசிறி கிடையாது. வயிற்றுக்கு அடியில் தண்ணீரை உறிஞ்சி, பின்பக்கத் துவாரம் வழியாகப் பீய்ச்சியடித்து முன்னால் பாயும். 2002-ல் ஃபோர்-ஸ்ட்ரோக் மாடல்கள் வரத் தொடங்கும்வரை பெரும்பாலும் டூ-ஸ்ட்ரோக் என்ஜின்தான். டூ-ஸ்ட்ரோக் நமக்குப் புதுசில்லை. பழைய ஸ்கூட்டர், ஆர்எக்ஸ் 100, பெட்ரோல் பங்க்கில் டூ-டி ஆயில் ஊற்றச் சொல்லிக் காத்திருந்த காலம் எல்லாம் ஞாபகம் இருக்குமே, அதே ஜாதி. ஆயிலுக்கென்று தனித் தொட்டி என்ஜின் அடியில் இருக்காது. பெட்ரோலோடு கலந்து போகும் ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் சோறு. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். இரண்டும் குறைந்தால் சூடேறிப் பிஸ்டன் சுவரில் ஒட்டிக்கொள்ளும். நம் மெக்கானிக் பாஷையில், 'சீஸ்' ஆகிவிடும்.

ஸ்கூட்டருக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம். ஸ்கூட்டர் சிக்னலில் நிற்கும், மெதுவாகப் போகும். ஜெட் ஸ்கியை வாங்கியவன் மெதுவாக ஓட்டுவதற்காக வாங்கவில்லை. ஆக்ஸிலரேட்டர் முழுக்க அழுத்தியபடியே அதன் ஜென்மம் கழியும். மீதி வருஷமெல்லாம் பனிக்காலத்தில் ஷெட்டில் தூக்கம். ஓட்டத்தில் பாதி கெடும், தூக்கத்தில் மீதி கெடும்.

*

தம்பி அந்த ஊர் விளம்பரங்கள் சிலதையும் அனுப்பியிருந்தான். பழைய ஜெட் ஸ்கிக்கு என்ன விலை போகிறது என்று நான் கணக்குப் போடுவதற்காக. நான் விலையைப் பார்க்கவில்லை. வாசகங்களைப் படித்துக்கொண்டிருந்தேன். நம் ஊர் கல்யாண விளம்பரங்களுக்கு எந்த விதத்திலும் குறைந்த இலக்கியமில்லை.

'நிறுத்தும்போது ஓடிக்கொண்டிருந்தது.' இதுதான் அமெரிக்கப் பழைய வண்டி விளம்பரங்களின் சாஸ்வதமான வரி. யோசித்துப் பாருங்கள், இதை யாராலும் பொய் என்று நிரூபிக்க முடியாது. உலகத்தில் எல்லா வண்டியும் நிறுத்துகிற வரைக்கும் ஓடியதுதானே? ஏன் நிறுத்தினாய் என்பதைத்தான் விளம்பரம் சொல்லாது. அடுத்தது, 'சின்ன வேலை பாக்கி'. சின்ன வேலை என்றால் நீயே செய்துவிட்டு நல்ல விலைக்கு விற்றிருக்கலாமே ஐயா! மூன்றாவது, 'கார்ப்பரேட்டரை மட்டும் சுத்தம் செய்தால் போதும்'. டாக்டர் இல்லாமலே நோய் கண்டுபிடிக்கும் கலை அந்த ஊரிலும் இருக்கிறது.

ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார நிபுணர் 1970-லேயே இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பழைய கார் சந்தையில் விற்பவனுக்கு வண்டியின் குணம் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் எல்லாமே ஓட்டை என்று வைத்துக்கொண்டுதான் வாங்குபவன் விலை கேட்பான். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரன் விற்க மாட்டான். கடைசியில் சந்தையில் ஓட்டைகளே மிஞ்சும். இந்த விஷயத்துக்காகத்தான் 2001-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இது தெரிந்தால், ஊரில் எல்லோரும் சொல்கிற அந்த 'பாதி விலை விதி' ஆட்டம் காண்கிறது. ரிப்பேர் செலவு இன்னொன்று வாங்குகிற விலையில் பாதியைத் தாண்டினால் தூக்கிப் போடு என்கிறது விதி. ஒரு பேச்சுக்கு, ஓடுகிற பழைய ஜெட் ஸ்கி 2,000 டாலர், ரிப்பேர் 1,200 டாலர் என்று வையுங்கள். விதிப்படி தூக்கிப் போடவேண்டும். ஆனால் அந்த 2,000 டாலருக்கு நீங்கள் வாங்கப்போகும் இன்னொரு வண்டி எது? அதுவும் 'நிறுத்தும்போது ஓடிக்கொண்டிருந்த' ஒன்றுதான். அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் திறந்து, பார்த்து, சரி செய்த என்ஜின் என்றால் ஒவ்வொரு திருகும் உங்களுக்குத் தெரியும். விதி இந்த இரண்டையும் ஒரே சரக்காகப் பார்க்கிறது. பி.காம் முதல் வருஷத்துப் பையன்கூட, தரம் தெரிந்த சரக்கையும் தெரியாத சரக்கையும் ஒரே பேரேட்டுப் பக்கத்தில் எழுத மாட்டான்.

அப்படியானால் ரிப்பேர் செய்துவிடலாமா? அவசரப்படாதீர்கள். எதை ரிப்பேர் செய்வது என்பதே இன்னும் தெரியாதே. இந்த இடத்தில்தான் அலமாரியிலிருந்து இரண்டு புத்தகங்களை எடுத்தேன்.

*

முதலாவது, ராபர்ட் பிர்ஸிக் 1974-ல் வெளியிட்ட 'ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார் சைக்கிள் மெயின்டனன்ஸ்'. 121 பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பிய கையெழுத்துப் பிரதி என்று சொல்வார்கள். வெளிவந்தபின் லட்சக்கணக்கில் விற்றது. அப்பாவும் மகனும் மோட்டார் சைக்கிளில் அமெரிக்காவைக் குறுக்கே கடக்கிற கதை. நடுநடுவே தத்துவம். தலைப்பைப் பார்த்து வாங்கிய மெக்கானிக்குகளும் ஏமாந்தார்கள், தியானம் செய்கிறவர்களும் ஏமாந்தார்கள். ஆனால் தத்துவப் பகுதிகளில் பாதியை நீங்கள் தாண்டிப் போனாலும் (நான் போனேன்) மெக்கானிக் பகுதிகளைத் தாண்டாதீர்கள். அவை வைரம்.

ஒரு இடத்தில் ஒரு ஸ்க்ரூ கழல மறுக்கிறது. மூடியைக் கழற்றினால்தான் மேற்கொண்டு வேலை. ஸ்க்ரூவின் விலை வெறும் சில்லறை. ஆனால் அது கழலாத வரைக்கும் மோட்டார் சைக்கிளே உபயோகமில்லை. ஆகவே அந்த நிமிஷத்தில் அந்த ஸ்க்ரூவின் மதிப்பு மொத்த மோட்டார் சைக்கிளின் மதிப்புக்குச் சமம் என்கிறார் பிர்ஸிக். மூன்று வருஷம் காஸ்ட் அக்கவுன்டன்ஸி படித்த எனக்கு எந்த வாத்தியாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

இன்னொரு இடம் இதைவிட முக்கியம். கதைசொல்லியின் என்ஜின் சீஸ் ஆகிவிடுகிறது. கடையில் விடுகிறார். ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு, சுத்தியலால் தட்டி, அடிபட்ட தழும்புகளோடு திருப்பித் தருகிறார்கள். மறுபடி சீஸ் ஆகிறது. மறுபடி கடை. கடைசியில் அவரே உட்கார்ந்து பிரித்துப் பார்த்தால், ஆயில் போகிற பாதையில் 25 சென்ட் பெறுமானமுள்ள ஒரு பின் உடைந்திருக்கிறது. வேகமாகப் போகும்போது மேலே ஆயில் ஏறவில்லை. அவ்வளவுதான் நோய். மற்றதெல்லாம் அறிகுறி. கடைக்காரர்கள் அறிகுறிக்கு வைத்தியம் செய்துவிட்டு, நோயை அப்படியே உள்ளே வைத்துத் தைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

இந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஏனென்றால் எங்கள் வீட்டிலும் ஒரு பின் இருந்தது.

*

1999. நான் பி.காம் இரண்டாம் வருஷம். அப்பாவிடம் ஒரு டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டர். நங்கநல்லூரிலிருந்து கிண்டிக்கு ஆபீஸ். ஜனவரியில் வழியில் என்ஜின் சீஸ் ஆகி நின்றது. தள்ளிக்கொண்டே வந்தார். வழக்கமான மெக்கானிக் போர் போட்டு, புதுப் பிஸ்டன் வைத்து 1,500 ரூபாய் வாங்கினார். ஏப்ரலில் மறுபடி சீஸ். இந்த முறை 2,800 ஆகும் என்றார்.

அப்பா ராத்திரி சாப்பிட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நீ காமர்ஸ் படிக்கிறவன். செலவு பண்ணலாமா, வித்துடலாமா? கணக்குப் போட்டுச் சொல்லு."

போட்டேன். நோட்டில் கோடு கிழித்து, இடது பக்கம் வலது பக்கம் பிரித்து. ஓடுகிற நிலையில் வண்டிக்கு 5,000 கிடைக்கும். ரிப்பேர் பாதிக்கு மேல். ஜனவரியில் போட்ட 1,500 மூழ்கிய செலவு, அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. (இதைச் சொல்லும்போது எனக்கு ஏகப்பட்ட பெருமை.) ஆக, விற்றுவிடுவதே புத்திசாலித்தனம். அப்பா நோட்டைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். 1,200 ரூபாய்க்கு விற்றோம். பேரீச்சம்பழத்துக்குப் போடாத குறை.

ஒரு வருஷம் கழித்து, பழவந்தாங்கல் பக்கம் அதே நம்பர் பிளேட்டைப் பார்த்தேன். ஸ்கூட்டர் ஜோராகப் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவர் வாங்கிப்போன மெக்கானிக்தான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவர் என்று பின்னால் தெரிந்தது. என்னை அடையாளம் கண்டு நிறுத்தினார்.

"மேக்னட் பக்கத்து ஆயில் சீல் போயிருந்துச்சு சார். நாப்பது ரூபா. அது வழியா காத்தை இழுத்து, பெட்ரோல் பத்தாம சூடாயிருக்கு. சீலை மாத்தாம எத்தனை பிஸ்டன் போட்டாலும் ஒட்டத்தான் செய்யும்."

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"வாங்கறப்ப உங்கப்பாகிட்ட கேட்டேனே. சிக்னல்ல நின்னா தானா ரேஸ் ஆகுதுன்னு சொன்னார். அப்பவே தெரிஞ்சுபோச்சு."

அப்பா எங்களிடமும் அதைச் சொல்லியிருந்தார். பல முறை. "என்னமோ தானா உறுமுதுடா" என்று. நானும் கேட்கவில்லை, பழைய மெக்கானிக்கும் கேட்கவில்லை. அவர் பிஸ்டனைப் பார்த்தார், நான் நோட்டைப் பார்த்தேன். என் கூட்டல் கழித்தலில் தப்பே கிடையாது. மூழ்கிய செலவுத் தத்துவமும் சரி. அந்த 2,800 என்ற எண்தான் தப்பு. அது நோயின் விலை இல்லை. நோய் தெரியாததன் விலை.

*

இனி விமர்சனத்துக்கு வருகிறேன். பிர்ஸிக்கிடம் எனக்கு ஒரு குறை உண்டு. காரணத்தைத் தேடு, பொறுமையாகத் தேடு, மனசு அமைதியாக இருந்தால் கிடைக்கும் என்கிறார். சரி. ஆனால் அவருடைய வண்டி அவருடையது. நேரமும் அவருடையது. பில் யாருக்கும் கொடுக்கவேண்டியதில்லை. எவ்வளவு நேரம் தேடுவது, எந்த இடத்தில் 'போதும்' என்று ஸ்பானரைக் கீழே வைப்பது? எனக்குத் தெரிந்து அந்தப் புத்தகத்தில் இதற்குப் பதில் கிடையாது. அவரிடம் இருப்பது அன்பு. அன்புக்கு எஸ்டிமேட் போடத் தெரியாது.

இரண்டாவது புத்தகம் இந்த இடத்தில் கைகொடுக்கிறது. மாத்யூ க்ராஃபர்டின் 'ஷாப் கிளாஸ் ஆஸ் ஸோல்கிராஃப்ட்', 2009. சிகாகோ பல்கலைக்கழகத்தில் அரசியல் தத்துவத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். வாஷிங்டனில் ஒரு சிந்தனையாளர் அமைப்பில் நல்ல சம்பளத்தில் சேர்ந்து, ஐந்தே மாதத்தில் விட்டுவிட்டு, விர்ஜினியா மாநிலம் ரிச்மண்டில் மோட்டார் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்தார். ஆபீஸில் செய்ததைவிட கடையில்தான் அதிகம் சிந்திக்கவேண்டியிருந்தது என்பது அவர் கட்சி. ஒத்துக்கொள்கிறேன். நானும் ஆபீஸில் இருந்திருக்கிறேன்.

அவர் புத்தகத்தின் சிறந்த அத்தியாயத்தில் ஒரு 1983 ஹோண்டா மேக்னா வருகிறது. வருஷக்கணக்கில் சும்மா நின்ற வண்டி. கிளட்ச் வேலை பார்க்கும்போது உள்ளே ஒரு ஆயில் சீல் சந்தேகமாகத் தெரிகிறது. நோண்ட ஆரம்பிக்கிறார். நோண்ட நோண்ட ஆர்வம் ஏறுகிறது. திடீரென்று உறைக்கிறது. வண்டிக்காரன் கேட்டது ஓடுகிற வண்டி. இந்த சீலைப் பற்றிய உண்மையைத் தெரிந்துகொள்வது என் ஆசை. என் ஆசைக்கு அவன் ஏன் காசு கொடுக்கவேண்டும்? இந்த மணிகளையெல்லாம் எப்படி பில்லில் போடுவது என்று திண்டாடுகிறார்.

இந்தத் திண்டாட்டம் பிர்ஸிக்கிடம் இல்லை. அதனால்தான் மெக்கானிக் என்ற மனிதரைப் பொறுத்தவரை க்ராஃபர்ட் ஒரு படி மேல் என்பேன். காரணத்தைத் தேடுவதற்கும் ஒரு செலவு உண்டு, அதை யாரோ ஒருவர் சுமக்கிறார் என்பது அவருக்குத் தெரிகிறது.

அவரிடமும் சறுக்கல் இருக்கிறது. கைத்தொழிலின் பெருமையைப் பேசும்போது, தான் கடைக்கு வந்தது டாக்டர் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்பது அவ்வப்போது மறந்துபோகிறது. பிடிக்காவிட்டால் திரும்பிப் போக அவருக்கு வாசல் திறந்திருந்தது. எட்டாவதோடு நின்று கிரீஸில் கை வைத்த பழவந்தாங்கல்காரருக்கு அது தேர்வு இல்லை, பிழைப்பு. கிராஃபர்ட் எழுதினால் தத்துவம். அவர் சொன்னால் 'சீல் போயிருந்துச்சு சார்'. ஆனால் சொன்ன விஷயம் ஒன்றுதான். சொல்லப்போனால், இவர் சுருக்கமாகவும் சொன்னார்.

இரண்டு புத்தகங்களுக்கும் பொதுவான குறை ஒன்று. ரிப்பேர் செய்வதை இரண்டுமே ஒரு நல்லொழுக்கமாகப் பார்க்கின்றன. அதனால் கைவிடுவதற்கு ஒரு அத்தியாயம் இல்லை. எல்லா என்ஜினும் பிழைக்க வேண்டியதில்லை. இந்தப் பழைய ஜெட் ஸ்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண கார்ப்பரேட்டர் டூ-ஸ்ட்ரோக், குடிக்கிற பெட்ரோலில் கால் பங்குக்கு மேலேயே எரியாமல் புகைக்குழாய் வழியாகத் தண்ணீரில் துப்பிவிடும். அதனால்தான் அமெரிக்க அரசு 1996-ல் இந்த என்ஜின்களுக்கு மாசு விதி கொண்டுவந்தது. 1999-ல் தாஹோ ஏரியில் இந்த ரகத்துக்குத் தடை போட்டார்கள். ரிப்பேர் செய்தவனுக்கு ஆனந்தம், ஏரியில் இருக்கிற மீனுக்கு? நோட்டில் அந்தப் பத்தியும் ஒன்று வேண்டும்.

*

நாலாவது நாள் தம்பிக்குப் போன் போட்டேன்.

"கணக்கு அப்புறம். முதல்ல ஒரு கம்ப்ரஷன் கேஜ் வாங்கு. பிளக்கைக் கழட்டிட்டு அந்த ஓட்டையில மாட்டி, ஆக்ஸிலரேட்டரை முழுக்கப் பிடிச்சு, ஸ்டார்ட்டரை அமுக்கு. ரெண்டு சிலிண்டருக்கும் நம்பர் எழுதிக்கோ."

இதை நான் சொந்தமாகக் கண்டுபிடிக்கவில்லை. எந்த டூ-ஸ்ட்ரோக் மெக்கானிக்கும் முதலில் செய்வது இது. என்ஜினைப் பிரிக்காமல் அதன் நாடி பார்க்கிற வேலை. மாடலுக்கு மாடல் மாறும், ஆனாலும் பொதுவாக 120 முதல் 150 பிஎஸ்ஐ வரை காட்டினால் ஆரோக்கியம். இரண்டு சிலிண்டருக்கும் நடுவே வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். நம்பர் நன்றாக இருந்தும் ஓடவில்லை என்றால் தொந்தரவு பெட்ரோலிலோ மின்சாரத்திலோதான். குறைந்த செலவு. 1990-களின் சில மாடல்களில் சாம்பல் நிற ரப்பர்க் குழாய் உள்ளுக்குள் உளுத்து, பச்சையாகப் பிசுபிசுத்து, கார்ப்பரேட்டருக்குள் இருக்கிற துளியூண்டு வடிகட்டியை அடைத்துவிடும். அதைப் பார்க்காமல் ஓட்டினால் நல்ல என்ஜினும் சீஸ் ஆகும். அந்த ஊரின் நாப்பது ரூபாய் சீல் அது.

"இன்னொண்ணு. அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டுக் கேளு. கடைசியா ஓட்டின அன்னிக்கு என்ன ஆச்சுன்னு."

"நிறுத்தும்போது ஓடிக்கிட்டுதான் இருந்ததுன்னு சொன்னாரே அண்ணா."

"அதான் எல்லாரும் சொல்வாங்களே. ஏன் நிறுத்தினார்னு கேளு."

இரண்டு நாள் கழித்து அவனே கூப்பிட்டான். ஒரு சிலிண்டர் 118, இன்னொன்று 60. என்ஜினைக் கையால் சுற்றினால் கரகர என்கிறதாம். பக்கத்து வீட்டுக்காரரும் மனம் திறந்துவிட்டார். இரண்டு வருஷம் முன்னால் ஏரி நடுவே பெட்ரோல் தீர்ந்திருக்கிறது. நண்பரின் படகில் கயிறு கட்டி, வேகமாக இழுத்து வந்திருக்கிறார்கள். ஜெட் ஸ்கியை அப்படி இழுக்கவே கூடாது. என்ஜின் ஓடாதபோது வேகமாக இழுத்தால், குளிர்விக்கும் குழாய் வழியாக ஏரித் தண்ணீர் ஏறி, புகைப்பாதை நிரம்பி, என்ஜினுக்குள்ளேயே போய்விடும். கரைக்கு வந்ததும் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றியிருக்கிறார். ஆனால் உள்ளே ஆயில் விட்டு, என்ஜினை ஓட்டி உலர்த்தவில்லை. மூடி, துணி போர்த்தி வைத்துவிட்டார். அடியில் இருக்கிற கிராங்க் பேரிங்கெல்லாம் எஃகு. துரு பிடிக்க சில நாள் போதும். இங்கே இரண்டு குளிர்காலம் கடந்திருக்கிறது.

இனிமேல் கணக்குப் போடலாம். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இந்த மாதிரி என்ஜினில் கிராங்க் என்பது துண்டுகளை அழுத்திப் பொருத்திச் செய்தது. வீட்டில் உட்கார்ந்து பேரிங் மாற்ற முடியாது. முழுசாக மாற்றவேண்டும். அதோடு சிலிண்டர் போர், இரண்டு பிஸ்டன், எல்லா சீலும். ஓடுகிற இன்னொரு பழைய வண்டி விலையை அது தாண்டிவிட்டது. தெரியாத வண்டி வாங்குகிற ரிஸ்க்குக்கு எவ்வளவு மதிப்புப் போட்டாலும் ஈடாகவில்லை. கூடவே மீன்கள்.

"அப்ப தூக்கிப் போட்டுடலாமா?"

"போட்டுடு. பம்பையும் மத்த பாகங்களையும் தனித்தனியா வித்துடு. டிரெய்லரை மட்டும் வெச்சுக்கோ, நல்லா இருக்கு."

"ஒரு மாசமா இதை முறைச்சுப் பார்த்துக்கிட்டு தூக்கமே வரலை அண்ணா. இப்ப தூக்கிப் போடச் சொல்றே, ஆனா நிம்மதியா இருக்கு."

கவனித்தீர்களா? இரண்டு என்ஜின். இரண்டையும் நான்தான் தூக்கிப் போடச் சொன்னேன். பதில் ஒன்றேதான். ஒன்றில் காரணம் தெரியாமல் சொன்னேன், இன்னொன்றில் தெரிந்து சொன்னேன். தம்பிக்கு நிம்மதி கிடைத்தது. அப்பா அடுத்த ஆறு வருஷம், ரிடையர் ஆகிற வரைக்கும் பஸ்ஸில் போனார்.

பிர்ஸிக்கைப் படியுங்கள், காரணத்தைத் தேடுகிற பொறுமைக்காக. க்ராஃபர்டைப் படியுங்கள், அந்தப் பொறுமைக்கு ஆகும் செலவை யார் தலையில் கட்டுகிறோம் என்று யோசிப்பதற்காக. இரண்டிலும் இல்லாத ஒரு வரியை பழவந்தாங்கல்காரரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன். வண்டியைத் திறப்பதற்கு முன்னால், நோட்டைத் திறப்பதற்கும் முன்னால், அதைத் தினம் ஓட்டினவரிடம் கேள்.

உங்கள் பரணில் இருக்கிற மிக்ஸிக்கும் இதுதான். எடைக்குப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. போடுவதற்கு முன்னால், அது கடைசியாக ஓடின அன்றைக்கு என்ன சத்தம் வந்தது என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பல தடவை சொல்லியிருப்பார். நீங்கள்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள்.

அந்த நாப்பது ரூபாய் சீல் விஷயத்தை அப்பாவிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை. என் கணக்கு சரி என்ற நம்பிக்கையோடுதான் அவர் போனார்.